பேஸ்மென்ட்டில் கட்டிய நரகம்

அக்டோபர் முப்பத்தொன்றாம் தேதி சாயங்காலம் நாங்கள் வீட்டில் இல்லாத மாதிரி நடிப்போம். வாசல் விளக்கை அணைத்து, கீழே திரைச்சீலைகளை இழுத்து மூடிவிட்டு, நானும் என் வீட்டுக்காரரும் மகளும் மாடி பெட்ரூமில் தரையில் உட்கார்ந்திருப்போம். ஹாலோவீன் பிசாசின் பண்டிகை, அன்றைக்கு விசுவாசி வீட்டுக் கதவு திறக்கக் கூடாது என்பது எங்கள் சபையின் போதனை. கார் இரண்டும் வாசலில் நிற்கும். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் வேஷம் போட்டுக்கொண்டு மிட்டாய் கேட்டு வந்து மணியடிப்பார்கள். மகளுக்குத் தும்மல் வந்தால் நான் அவள் வாயைப் பொத்துவேன். முப்பத்தெட்டு வயதில், சொந்த வீட்டில், ஆறு வயதுப் பிள்ளைகளுக்குப் பயந்து ஒளிந்திருந்த வீராங்கனை நான்.

எங்களுடையது அமெரிக்காவில், ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் ஒரு டவுன்ஹவுஸ். பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் ஒரே சுவர். மறுநாள் காலையில் ஸ்கூல் பஸ் வருகிற இடத்தில் பக்கத்து வீட்டுக்காரி என்னைப் பார்த்துச் சிரிப்பாள்.

“ஏனுங்க்கா, நேத்து ஊட்ல இல்லீங்களாட்ட இருக்குது? பாப்பா ரெண்டு தடவ வந்து மணியடிச்சாளாமா. தும்முற சத்தம் மட்டும் நல்லாக் கேட்டுச்சுங்க.”

வேறு யாராவது கேட்டிருந்தால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்திருக்கும். அவள் கேட்டால் வராது. அவள் கோபிச்செட்டிப்பாளையம் பக்கம், நான் நாகர்கோவில்காரி. ஊரில் இருந்திருந்தால் ஒருவரை ஒருவர் பார்த்தே இருக்க மாட்டோம். என்னைவிட மூன்று வயது சின்னவள். அவளுக்கும் ஒரே மகள், எனக்கும் ஒரே மகள், இரண்டும் ஒரே வகுப்பு. நான் ஆபீஸிலிருந்து வரத் தாமதமானால் என் மகள் அவள் வீட்டில்தான் சாப்பிட்டுக்கொண்டிருப்பாள்.

எனக்கு இரண்டாவது குழந்தை நாலாம் மாதத்தில் கலைந்துபோனபோது சபையின் சகோதரிகள் வந்தார்கள். கட்டிலைச் சுற்றி நின்று ஜெபித்தார்கள். ஒரு அம்மாள் என் காதோடு குனிந்து, “அறிக்கை பண்ணாத பாவம் ஏதும் இருக்கா சிஸ்டர்?” என்று கேட்டுவிட்டுப் போனார். அன்று மத்தியானம் பக்கத்து வீட்டுக்காரி வந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. என்னை நாற்காலியில் உட்கார வைத்து வாஷ்பேசினில் தலையைச் சாய்த்து, வெந்நீர் ஊற்றி அலசிவிட்டாள். பத்து நாள் ரசம் சாதம் அவள் வீட்டிலிருந்து வந்தது. இந்த நாட்டில் எனக்கு என்று ஒரு ஆள் இருந்தாள் என்றால் அது அவள்தான். அவளை நான் எப்படி இழந்தேன் என்பதைத்தான் சொல்லப்போகிறேன். யாரும் பறித்துக்கொண்டு போகவில்லை, நானாகக் கெடுத்துக்கொண்டேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், செப்டம்பரில் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் எல்லாரையும் உட்காரச் சொன்னார். எங்களுக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. வெள்ளைக்காரர் சபை ஒன்றின் கட்டடத்தில் மத்தியானத்துக்கு மேல் தமிழ் ஆராதனை நடத்துவோம். அன்றைய விஷயம் இதுதான். போன வருஷம் நம் ஹைஸ்கூல் பிள்ளைகள் நாலைந்து பேர் வீட்டுக்குத் தெரியாமல் ஒரு பண்ணையில் போடுகிற பேய் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். இருட்டு அறைகள், ரம்பத்தோடு துரத்துகிற முகமூடிக்காரன், ரத்தம், அலறல். போன பிள்ளைகளில் ஒருத்தி பல நாள் விளக்கை அணைத்துவிட்டுத் தூங்க முடியாமல் தவித்திருக்கிறாள். அவள் அம்மா எழுந்து நின்று அழுதுகொண்டே சொன்னார். கேட்க எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

இந்த வருஷம் என்ன செய்வது? ஒரு அங்கிள், வழக்கம்போல விளக்கை அணைத்துவிட்டு உபவாசம் இருக்கலாம் என்றார். ஒரு இளம் சகோதரி, சாக்லேட்டோடு ஒரு சுவிசேஷக் கைப்பிரதியும் சேர்த்துக் கொடுக்கலாம் என்றாள். எனக்கு வாய் சும்மா இருக்காது. எழுந்து நின்றேன்.

“வெளக்கப் போட்டு, கதவத் தெறந்து வச்சு, வர்ற பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தா என்ன ஐயா? தாய் தகப்பன்மார் குளிர்ல நிக்காங்க. அவங்களுக்கு ஒரு டீ கொடுப்போம். பயமுறுத்துற ராத்திரியில பயமுறுத்தாத ஒரு வீடு இருக்கட்டுமே.”

நாலு பேர் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் என் சேலையைப் பிடித்து இழுத்து, “உக்காரு, கேட்டியா,” என்றார். பாஸ்டர் புன்னகையோடு தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை எனக்குத் தெரியும். பெண்பிள்ளை பேசி முடிக்கட்டும் என்று காத்திருக்கிற தலையாட்டல் அது.

“உலகம் பொய்யான பேயைக் காட்டி நம்ம பிள்ளைகளைப் பயமுறுத்துது,” என்றார். “நாம மெய்யான நரகத்தைக் காட்டினா என்ன?”

ஆமென் என்று கூரை அதிர்ந்தது.

அப்படித்தான் பேஸ்மென்ட்டில் நரகம் கட்டுகிற வேலை தொடங்கியது. இங்கே சில அமெரிக்கச் சபைகளில் இது பழைய பழக்கமாம். பேய் வீடு மாதிரியே வரிசையாக அறைகள். முதல் அறையில் குடித்துவிட்டு ஓட்டிய விபத்து, இரண்டாவதில் ஆஸ்பத்திரிக் கட்டில், மூன்றாவதில் நியாயத்தீர்ப்பு, நாலாவதில் நரகம். கடைசி அறை பரலோகம். அங்கே வெள்ளைத் துணி, டோனட், ஆப்பிள் சைடர். நரகத்தைத் தாண்டாமல் டோனட்டுக்குப் போக முடியாது. என் வீட்டுக்காரர் ஒலிபெருக்கிப் பொறுப்பு. நல்ல மனுஷன் அவர். கொசுவைக்கூட அடிக்க யோசிப்பார். அப்படிப்பட்டவர் மூன்று வாரம் லேப்டாப்பில் உட்கார்ந்து அலறல் சத்தங்களை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். முகமூடியும் வாலும் எங்கே வாங்கினார்கள் தெரியுமா? ஹாலோவீன் கடையில்தான். பிசாசின் பண்டிகைக் கடைக்குள் காலே வைக்கக் கூடாது என்று எங்களுக்குச் சொன்னவர்கள் வண்டி நிறைய வாங்கி வந்தார்கள். கேட்டால், நோக்கம் வேறே சிஸ்டர் என்றார்கள்.

நாடகத்தை எழுதியது வாலிபர் கூட்டத் தலைவர். அதில் நரக அறைக்கு ஒரு பாத்திரம், இரட்சிக்கப்படாத பெண். பட்டுச்சேலை, நெற்றியில் பொட்டு, தலையில் பூ, கழுத்தில் தாலிச் சங்கிலி. சங்கிலியால் கட்டப்பட்டு முழங்காலில் நிற்பாள். பார்வையாளர்களை நோக்கி அவள் தமிழில் கதற வேண்டும்: “பக்கத்து வீட்டுலதானே இருந்த! எனக்கு மட்டும் ஏன் சொல்லல?” அக்கம்பக்கத்தாருக்குச் சுவிசேஷம் சொல்லாமல் விட்டோமே என்று, பார்க்க வருகிற விசுவாசிகளுக்குக் குத்தவேண்டும் என்பது திட்டம்.

இந்த இடத்தில் எங்கள் சபையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பெண்கள் பொட்டு வைக்க மாட்டார்கள், பூ வைக்க மாட்டார்கள், நகை போட மாட்டார்கள். நான் பிறந்த சபையில் கம்மல், வளையல் எல்லாம் உண்டு. கல்யாணத்துக்கு முந்தின வாரம் என் வீட்டுக்காரரின் சபையில் ஞானஸ்நானம் எடுத்தபோது கழற்றியவள்தான், காது இப்போது தூர்ந்தே போய்விட்டது. ஆக, பட்டும் பொட்டும் பூவுமாக வேஷம் கட்ட எங்களில் யாரும் இல்லை. மூன்று சகோதரிகளிடம் கேட்டார்கள். மூன்று பேரும் மாட்டேன் என்றார்கள்.

“நாடகத்துக்குக்கூட நெத்தில வைக்க மாட்டேன். மனசாட்சி உறுத்தும்,” என்றார் ஒருவர்.

எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. நரகத்துக்குப் போகிறவளுக்குப் பொட்டு வைத்து எழுதினபோது உறுத்தாத மனசாட்சி, அந்தப் பொட்டைத் தொடும்போது மட்டும் உறுத்துகிறதாம். “கொண்டாங்க, நான் கட்டுறேன்,” என்றேன். கோபத்தில் சொன்ன மாதிரிதான் எல்லாரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். உள்ளுக்குள் ஒரு சின்ன ஆசையும் இருந்தது, அதை மறைக்கப்போவதில்லை. பன்னிரண்டு வருஷம் கழித்து ஒரு நாள் பூ வைத்துக்கொள்ளலாமே என்ற ஆசை.

பட்டுச்சேலை என்னிடம் ஒன்றுதான் இருந்தது. முந்தின வருஷம் ஊருக்குப் போய்விட்டு வந்தபோது பக்கத்து வீட்டுக்காரி கோயம்புத்தூரிலிருந்து ஒரே மாதிரி இரண்டு வாங்கி வந்திருந்தாள். மயில் கழுத்து நிறம், அரக்குக் கரை. ஒன்று அவளுக்கு, ஒன்று எனக்கு. “ரெண்டு பேரும் ஒரே மாதர கட்டிட்டு ஒரு போட்டோ எடுத்துக்கோணுங்க்கா,” என்றாள். அவள் அதைத் தீபாவளிக்குக் கட்டினாள். நான் கட்டவில்லை. பெட்டியில் வைத்துவிட்டேன். எங்கே கட்டிக்கொண்டு போவேன்?

நிகழ்ச்சி ஒரு சனிக்கிழமை சாயங்காலம். பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மேலே ஹாலில் விளையாட்டு, அவர்களை பேஸ்மென்ட்டில் விடக் கூடாது என்று விதி. அந்த விதியை நம்பித்தான் பக்கத்து வீட்டுக் குழந்தையையும் கூட்டிக்கொண்டு போகச் சம்மதித்தேன். என் மகள் ஒரு வாரமாக நச்சரித்துக்கொண்டிருந்தாள். சண்டே ஸ்கூலில் ஒவ்வொரு பிள்ளையும் இரட்சிக்கப்படாத ஒரு சிநேகிதரை அழைத்து வரவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். நாலு மணிக்கே என் வீட்டுக்காரர் இரண்டு பிள்ளைகளையும் காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

அதன்பிறகு நான் சேலையைத் தூக்கிக்கொண்டு எங்கே போனேன் என்று நினைக்கிறீர்கள்? பக்கத்து வீட்டுக்கு. ஒட்டுப்பொட்டு யாரிடம் இருக்கும்? பிளாஸ்டிக் மல்லிகைச் சரம் யாரிடம் இருக்கும்? இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அவளுக்கு ஒரே சந்தோஷம். “ஒரு வழியா அந்தச் சேலைக்கு வேள வந்துதாக்கும்!” என்று சிரித்தாள். கொசுவம் பிடித்துவிட்டாள். என் தலையை அவள் பின்னிக்கொள்கிற மாதிரியே தளர்வாகப் பின்னிச் சரத்தைச் சுற்றிவிட்டாள். கவரிங் சங்கிலி ஒன்றைத் தேடி எடுத்துக் கழுத்தில் போட்டாள். என் நெற்றியில் பொட்டை ஒட்டிவிட்டு இரண்டு அடி தள்ளி நின்று பார்த்தாள்.

“எத்தன லட்சணமா இருக்கறீங்க்கா! ஆமா, என்ன வேசமுங்க?”

“ஒரு அம்மா வேஷம்,” என்றேன்.

பொய் இல்லை என்று காரில் போகும்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சிவப்பு சிக்னலில் நின்றபோது கண்ணாடியில் என்னைப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தேன். நரகத்துக்கு வேஷம் போட்டுக்கொண்டு போகிறவள் கண்ணாடி பார்த்து மயங்கினாள், அதையும் எழுதிவிடுகிறேன்.

நரக அறை பாய்லர் அறைக்குப் பக்கத்தில் இருந்தது. இயல்பாகவே வெக்கை. சிவப்பு பல்புகள், தரையில் மேசை மின்விசிறிகள், அதில் படபடக்கிற ஆரஞ்சு நிறக் காகிதத் தீ. கருப்பு உடையில் வாலிபர்கள் இரண்டு பேர் பிசாசுகள். எனக்கு முன்னால் ஒரு கயிறு, கயிற்றுக்கு அந்தப் பக்கம் பார்வையாளர்கள். என் கைகளில் பிளாஸ்டிக் சங்கிலி. முகம் தெரியாமல் குனிந்து முழங்காலில் நிற்க வேண்டும். ஒவ்வொரு குழு வரும்போதும் வசனத்தைக் கதற வேண்டும். முதல் குழுவுக்குக் கதறினேன். இரண்டாவது குழுவில் ஒரு ஆன்ட்டி தேம்பி அழுதார். வெளியே பாஸ்டர், “சிஸ்டர், ஆண்டவர் உங்களை வல்லமையாய் எடுத்து உபயோகிக்கிறார்,” என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

நாலாவது குழுவோ ஐந்தாவது குழுவோ. அலறல் சத்தத்துக்கு நடுவில் ஒரு குரல் தனியாகக் கேட்டது.

“அம்மா!”

நான் நிமிரவில்லை. கயிற்றுக்குக் கீழே புகுந்து யாரோ ஓடி வருகிற காலடி. காகிதத் தீ கிழிகிற சத்தம். இரண்டு சின்னக் கைகள் என் தோளைப் பிடித்து இழுத்தன.

“அம்மா, எந்திரிம்மா! வாம்மா, வீட்டுக்குப் போலாம்!”

பக்கத்து வீட்டுக் குழந்தை. ஒன்பது வயது. தமிழில் என்ன கேட்டாலும் இங்கிலீஷில்தான் பதில் சொல்லும். அன்றைக்குத் தமிழில் கூப்பிட்டது. அதே சேலை, அதே பின்னல், பொட்டு, பூ. அந்தச் சிவப்பு வெளிச்சத்தில் அது தன் அம்மாவைத்தான் பார்த்திருக்கிறது. பிசாசு ஒன்று வழக்கம்போல உறுமிக்கொண்டு அதன் மேல் குனிந்தது. குழந்தை ஒரு கையால் அதை அடித்தது, இன்னொரு கையால் என் சங்கிலியை இழுத்துக்கொண்டே இருந்தது.

இங்கே நான் செய்ததுதான் எனக்கு ஆறவே ஆறாதது. குரலைக் கேட்டதுமே எனக்கு அது யார் என்று தெரிந்துவிட்டது. நிமிர்ந்து, ‘கண்ணு, இது ஆன்ட்டி’ என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பாஸ்டர் கயிற்றுக்கு அப்பால் நிற்கிறார், புது ஆட்கள் வந்திருக்கிறார்கள், காட்சி கெட்டுவிடக் கூடாது என்று நினைத்தேன். குனிந்தபடியே என் வசனத்தைச் சொல்லி முடித்தேன். எனக்கு மட்டும் ஏன் சொல்லல, ஏன் சொல்லல என்று, என்னைக் காப்பாற்ற வந்த குழந்தையின் முகத்துக்கு நேராகக் கதறினேன்.

பிறகுதான் நிமிர்ந்தேன். குழந்தை என் முகத்தைப் பார்த்தது. “ஆன்ட்டி?” என்றது. கையை விட்டுவிட்டுப் பின்னால் போனது. “எங்க அம்மா எங்க?” என்று கேட்டது. அதன்பிறகு அழ ஆரம்பித்தது. அப்படி ஒரு அழுகையை என் வீட்டுக்காரரின் லேப்டாப்பில் இருந்த எந்தச் சத்தத்திலும் நான் கேட்டதில்லை.

கயிற்றுப் பக்கம் என் மகள் வாயில் கை வைத்தபடி நின்றாள். அவள்தான் கூட்டி வந்திருக்கிறாள். எங்க அம்மா உள்ளே நடிக்கிறாங்க என்று வாசலில் நின்றவரிடம் சொல்லியிருக்கிறாள், அவர் விட்டுவிட்டார். சிநேகிதிக்கு எப்படியாவது இதைக் காட்டிவிட வேண்டும் என்று என் பெண்ணுக்குத் துடிப்பு. பன்னிரண்டு வயது விதி எழுதியவர்கள், சிநேகிதியைக் கூட்டி வா என்றும் ஒன்பது வயதுப் பிள்ளையிடம் சொன்னவர்கள்தான்.

பாஸ்டர் கயிற்றைத் தாண்டி வந்தார். குழந்தையைத் தூக்கிச் சமாதானப்படுத்தப்போகிறார் என்று நினைத்தேன். அவர் குழந்தையின் தலையில் கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். “ஸ்தோத்திரம்! ஆவியானவர் இந்தப் பிள்ளையைத் தொட்டிருக்கிறார். எல்லாரும் ஜெபிப்போம்,” என்றார்.

“கையை எடுங்க ஐயா,” என்றேன்.

அவர் கண்ணைத் திறந்தார்.

“கையை எடுங்க! பிள்ளை அம்மாவத் தேடுது, உங்களுக்குப் புரியல்லியா?”

பொட்டும் பூவும் பிளாஸ்டிக் சங்கிலியுமாக நின்று பாஸ்டரைப் பார்த்துக் கத்தினேன். அந்தப் பேஸ்மென்ட்டில் அன்றைக்கு நான் பேசிய ஒரே உண்மையான வசனம் அதுதான். ஆனால் காலம் கடந்து வந்த வசனம்.

பண்ணையில் பேய் வீடு நடத்துகிறவன் இருபது நிமிஷப் பயத்தை விற்கிறான். வெளியே வந்தால் அது முடிந்துவிடும். முகமூடியைக் கழற்றிவிட்டு அவனே கையாட்டுவான். நாங்கள் கொடுத்த பயம் வெளியே வந்தாலும் முடியாத பயம், அது நிஜம் என்று சத்தியம் பண்ணிக் கொடுத்த பயம். இதைச் செய்துவிட்டு அவனைப் பிசாசின் ஆள் என்றோம்! நரகத்துக்குள் ஓடிப்போய் ஒருத்தியை இழுத்துக்கொண்டு வரப் பார்த்தவள் அந்தக் குழந்தை ஒருத்திதான். ஞாயிறு தவறாமல் சிலுவையைப் பாடுகிற நாங்கள் அத்தனை பேரும் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று வேடிக்கை பார்த்தோம்.

காரில் குழந்தை என் பக்கம் திரும்பவே இல்லை. வீட்டுக் கதவு திறந்ததும் பாய்ந்து போய் அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டது. அவள் கையை, வயிற்றை, முகத்தை எல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்த்தது. விம்மலுக்கு நடுவில் இங்கிலீஷில் துண்டுதுண்டாகச் சொன்னது. சேலை, சங்கிலி, தீ. பக்கத்து வீட்டுக்காரி குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். தான் கட்டிவிட்ட சேலையை, தான் ஒட்டிய பொட்டைப் பார்த்தாள். ஒரு அம்மா வேஷம் என்றால் என்ன என்று அவளுக்கு அப்போது புரிந்திருக்க வேண்டும். குழந்தையோடு உள்ளே போனாள். அவள் என் கன்னத்தில் ஒரு அறை விட்டிருந்தாலும் நான் வாங்கிக்கொண்டிருப்பேன்.

மறுநாள் ஆராதனையில் பாஸ்டர் சாட்சி சொன்னார். அக்கினியைக் கண்டு கண்ணீர் வடித்த ஒரு சின்ன இந்துப் பிள்ளையைப் பற்றி. விதை விழுந்துவிட்டது, முளைக்கப் பண்ணுகிறது கர்த்தர் என்றார். கை தட்டினார்கள். நான் பாதியில் எழுந்து கார் நிறுத்துமிடத்தில் போய் நின்றேன். அந்த வாரம் முழுக்க பஸ் வருகிற இடத்தில் பக்கத்து வீட்டுக்காரியும் குழந்தையும் இல்லை. அவளே காரில் கொண்டுபோய்ப் பள்ளியில் விட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தை அழுகிற சத்தம் இரண்டு முறை கேட்டது. நான் செய்தி அனுப்பினேன், போன் பண்ணினேன். பதில் இல்லை.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் மூன்று பேரும் மன்னிப்புக் கேட்கப் போனோம். கதவைத் திறந்தாள். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. எனக்கு அந்த வீட்டு வாசலில் நின்று பேசிப் பழக்கமே கிடையாது.

என் வீட்டுக்காரர்தான் ஆரம்பித்தார். “சிஸ்டர், ரொம்ப சாரி. சின்னப் பிள்ளைகளை உள்ள விட்டது எங்க தப்பு. வயசு வரம்பெல்லாம் வச்சிருந்தோம். வாசல்ல நின்னவர் கவனிக்கல்ல.”

“பரவால்லீங்ணா,” என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. “அக்கா, உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கோணும்.”

“கேளும்மா.”

“நெசமாலுமே நான் அங்கதான் போவேன்னு நெனைக்கறீங்களா?”

“ஐயோ, அது வெறும் நாடகம்மா…”

“நாடகம்னு எனக்குந் தெரியுமுங்க. நான் கேட்டது நாடகத்த இல்லீங்க.”

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். என் தலையை அலசிவிட்ட கையைப் பார்த்துக்கொண்டே, சத்தியமாக இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். பக்கத்தில் என் வீட்டுக்காரர் நின்றார். அவர் சட்டைக் கை என் தோளில் உரசிக்கொண்டிருந்தது. இல்லை என்றால் பன்னிரண்டு வருஷமாக அவரோடு முழங்கால் போட்டதெல்லாம் என்ன? ஆமாம் என்றால் அவளோடு ஆறு வருஷம் பழகினது என்ன? ஊர் முழுக்க வாயாடி என்று பேர் வாங்கின எனக்கு வாய் திறக்கவில்லை. அவள் காத்திருந்தாள். நிஜமாகவே காத்திருந்தாள், பாவம். என்ன சொல்லியிருந்தாலும் அவள் என்னை மன்னித்திருப்பாள் என்றுதான் இன்றைக்கும் எனக்குத் தோன்றுகிறது.

“யெஸ், ஆன்ட்டி.”

என் மகள் சொன்னாள். எங்கள் இருவருக்கும் நடுவிலிருந்து முன்னால் வந்து நின்றாள். கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

“யெஸ், ஆன்ட்டி. பட் ஐ ப்ரே ஃபார் யூ எவ்ரி நைட். நீங்க அங்க போகக் கூடாதுன்னு.”

எங்களோடு ஜெபித்து முடித்துவிட்டு, கட்டிலில் படுத்த பிறகு இதற்கென்று தனியாக எழுந்து முழங்காலில் நிற்கிறாளாம். எத்தனை மாதமாக என்று பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அத்தனை மாதமும் பக்கத்து வீட்டுக்காரியின் கையால் தோசை சாப்பிட்டுவிட்டு, அவள் மடியில் படுத்து டிவி பார்த்துவிட்டு வந்து, இந்த ஆன்ட்டி எரியப் போகிறாளே என்று என் பிள்ளை இருட்டில் பயந்துகொண்டு கிடந்திருக்கிறாள்.

பக்கத்து வீட்டுக்காரி குனிந்து உட்கார்ந்தாள். துப்பட்டாவால் என் மகளின் கண்ணையும் மூக்கையும் துடைத்துவிட்டாள்.

“தெனமுமா கண்ணு?”

மகள் தலையாட்டினாள்.

“செரி. அழுவாத. ஆன்ட்டிக்கு ஒண்ணும் ஆவாது.”

எழுந்தாள். என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் அழுதுகொண்டே காலில் விழவும் தயாராக இருந்தேன். “பாப்பா தூங்கறாளுங்க,” என்றாள், சத்தம் வராமல் கதவைச் சாத்தினாள். அடுத்து வந்த மார்ச்சில் அவர்கள் டெக்சாஸுக்குப் போய்விட்டார்கள். கடைசிவரை எனக்கு அந்தக் கதவு திறக்கவில்லை.

அவள் வாசலிலிருந்து எங்கள் வாசலுக்குப் பத்து எட்டுத் தூரம். பாதியில் மகள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“டிட் ஐ சே இட் ராங், அம்மா?”

“இல்ல மக்ளே, நீ சரியாத்தான் சொன்னே,” என்றார் என் வீட்டுக்காரர்.

மகள் அவரைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் கைப்பைக்குள் சாவியைத் தேட ஆரம்பித்தேன். சாவி அவர் கையில் இருந்தது.